கண்ணாடிக்கு அடியில் இருந்திருக்க வேண்டிய அட்டை

எங்கள் சிகிச்சையகம் மூடப்பட்டு ஆண்டுகள் இரண்டு ஆகின்றன. ஆயினும் தென்காசிக் கடைத்தெருவுக்கு நான் காய்கறி வாங்கப் போனால், எவரேனும் ஒருவர் வழிமறிக்காமல் விடுவதில்லை. சென்ற வாரம் மறித்தவர் ஓர் அஞ்சலகப் பணியாளர். அவர் கையில் மூடியிட்ட கூடை. கூடைக்குள் ஒரு பூனை தன் குறைகளை ஓயாமல் எடுத்துரைத்துக்கொண்டிருந்தது.

"புலவரே, நீங்க பாட்டுக்கு ஓய்வு எடுத்துட்டிய. இவள நான் எங்கன கொண்டுபோவேன்? புதுசா மூணு ஆஸ்பத்திரி வந்திருக்கு. ஒண்ணுல ஏசி போட்டிருக்கான். ஒண்ணுல நாய்க்கு முடி வெட்டுதாவ. இன்னொண்ணுல போன்லயே டோக்கன் போட்டுரலாமாம். எது நல்லதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

ஒரு வார்த்தையில் சொல்ல என்னால் இயலவில்லை. அவர் குறிப்பிட்ட மூன்று இடங்களிலும் பணிபுரிவோர் நன்கு கற்ற இளையவர்கள். வயிற்றினுள் இருப்பதை ஒலியலை கொண்டு திரையில் காட்டும் கருவியை அவர்கள் வைத்திருக்கிறார்கள். குருதியைச் சோதித்துக் கால் மணி நேரத்தில் விடை கூறுகிறார்கள். இவை எங்கள் காலத்தில் கிட்டியிருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும் என்று எண்ணி நான் மகிழ்வதுண்டு. அவர்களை மதிப்பிடும் தகுதி எனக்கில்லை. ஒரே இடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்று கண்டதை மட்டுமே என்னால் கூற இயலும். அன்று அவருக்குத் தெருவில் சொல்ல முடியாத விடையை இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் மருத்துவன் அல்லன். தமிழ் இலக்கியம் பயின்று, ஆசிரியப் பணிக்குக் காத்திருந்து, அது வாராதபோது, தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில் தொடங்கப்பெற்றிருந்த நாய், பூனை மருத்துவ நிலையம் ஒன்றில் பதிவேடு எழுதுபவனாகச் சேர்ந்தேன். எழுத வந்தவன் நாளடைவில் நாயின் வாயைக் கட்டவும், பூனையைத் துண்டில் சுற்றவும், மருந்து கலக்கவும், நரம்பு தேடவும் கற்றேன். அந்நிலையத்தை நடத்தியவர் மருத்துவர் எஸ்தர் அம்மையார். நான் தமிழ் பயின்றவன் என்பதனால் என்னைப் 'புலவரே' என்று அழைத்தவர் அவர். அவ்வழைப்பில் பாதி கேலி, பாதி மதிப்பு. ஊரார் முழுவதையும் கேலியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அம்மையார் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நாய் உள்ளே வந்ததும் அவர் அதனைத் தொடமாட்டார். தரையில் அமர்ந்து, அதன் பக்கம் திரும்பாமல், உரிமையாளரிடம் பேச்சுக் கொடுப்பார். பேச்சு முடிவதற்குள் நாய் தானே வந்து அவருடைய முழங்கையை முகரும். அதன் பிறகே கை நீளும். வெளியே வரிசை எவ்வளவு நீண்டிருப்பினும் இம்முறை மாறியதில்லை. மருத்துவ நிலையம் தேடுவோர்க்கு நான் முதலிற் கூறுவது இதுதான். மருத்துவரின் கை எவ்வளவு விரைவானது என்று பார்க்காதீர்கள். உங்கள் நாய் அவரை முகர்ந்து பார்க்க அவர் நேரம் கொடுக்கிறாரா என்று பாருங்கள்.

அடுத்தது எடை. எடை பார்க்காமல் எந்த உயிர்க்கும் ஊசி போடலாகாது என்பது அம்மையாரின் உறுதி. தொடக்கத்தில் எங்களிடம் இருந்தது அரிசிக் கடையில் பயன்படுவது போன்ற மேடைத் தராசு. நாய் அதில் தனியாக நில்லாது. உரிமையாளர் நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு முறையும், தனியே ஒரு முறையும் ஏற வேண்டும். ஒரு நாள் துணிக்கடை உரிமையாளர் ஒருவரின் மனைவியார், வெள்ளை வெளேரென்ற சிறு நாயுடன் வந்தார்.

"காய்ச்சல் நாய்க்குத்தான. எனக்கெதுக்கு எடை?" என்றார்.

"நீங்க தூக்கிட்டு ஏறுங்க, பெறகு தனியா ஏறுங்க. கழிச்சா நாயோட எடை வந்துரும்" என்றார் அம்மையார்.

"என் எடையும்லா வந்துரும். அத இந்தப் புலவரு அட்டையில வேற எழுதுவாரு."

"புலவர் கண்ண மூடிக்கிடுவாரு."

"கண்ண மூடிட்டு எப்படி எழுதுவாரு? வேண்டாம் தாயி, நீங்களே தூக்குங்க."

அன்றிலிருந்து எல்லா நாய்களையும் தூக்கிக்கொண்டு ஏறும் பொறுப்பு எனக்கு வந்தது. நாள்தோறும் காலையில் என் எடையைச் சுண்ணக்கட்டியால் சுவரில் எழுதிவைப்போம். வந்து நிற்போர் அதைப் பார்த்து, "புலவருக்கு இந்த மாசம் நல்ல சாப்பாடு" என்பார்கள். பின்னாளில் மின்தராசு வந்து என்னை விடுவித்தது.

அம்மையாரிடம் வேறெங்கும் நான் கண்டிராத வழக்கம் ஒன்று உண்டு. நோயர் அட்டையில் பெயர், இனம், எடை, குறை, கண்டது, கொடுத்தது என்னும் வரிகளுக்குக் கீழே, 'தெரியாதது' என்று ஒரு வரியை அவர் அச்சிடச் செய்திருந்தார். ஒவ்வொரு நாய்க்கும் பூனைக்கும் அந்த வரி நிரப்பப்பட வேண்டும். 'இரண்டு நாள் உண்ணாதது ஏன் என்று தெரியவில்லை', 'சொறி எதனால் என்று உறுதியில்லை' என்பன போல எழுதுவோம். முதல் முறை வருவோர் திகைப்பார்கள். ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டார். "டாக்டருக்கே தெரியாதுன்னு அச்சடிச்சு வச்சிருக்கிய. பெறகு நாங்க எதுக்கு வரணும்?" அம்மையார் சிரித்துக்கொண்டே, "மத்த ஆறு வரிக்காக வாங்க" என்றார்.

விடை கிட்டாத அட்டைகளுள் சிலவற்றை அவர் தம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைப்பார். திருநெல்வேலியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும்போது, அங்கிருந்த மூத்த பேராசிரியர் ஒருவரிடம் கேட்பதற்காக அவற்றை எடுத்துச் செல்வார். விடையுடன் திரும்பினால் அவ்வட்டை, மற்ற அட்டைகளை அடுக்கி வைக்கும் பேழைக்குப் போகும். இல்லையேல் மீண்டும் கண்ணாடிக்கு அடியில் புகும்.

உண்மையை அவர் கையாண்ட முறையைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. செங்கோட்டையில் தேநீர்க் கடை நடத்தும் பெண்மணி ஒருவர் பூனையுடன் வந்தார். அவருடைய தமிழில் மலையாளம் பாதி கலந்திருக்கும். "எங்க பூச்சைக்கு ராத்திரி முழுக்கப் பனியா இருந்துச்சு டாக்டரே" என்றார். காய்ச்சல் என்பதைத்தான் பனி என்றார். பூனையின் ஈறு பழுப்பேறி, முகம் வீங்கியிருந்தது. அம்மையார் ஏன், எதற்கு என்று எதுவும் கேட்கவில்லை. "என்ன குடுத்தீங்க? எவ்வளவு? எத்தன மணிக்கு?" என்று மூன்றே கேள்விகள். மனிதர் உண்ணும் காய்ச்சல் மாத்திரையில் பாதியைப் பாலில் கரைத்துக் கொடுத்ததாக அப்பெண்மணி ஒளிக்காமல் கூறினார். பூனைக்கு அம்மாத்திரை நஞ்சு. மனிதர்க்குச் சளி கரைக்கத் தரும் மருந்து ஒன்று அந்நஞ்சை முறிக்கும். நான் மிதிவண்டியில் தென்காசிக்கு விரைந்து வாங்கி வந்தேன். ஒரு நாள் முழுதும் போராடினோம். பூனை பிழைக்கவில்லை.

"நான் குடுத்ததாலயா டாக்டரே?" என்று அவர் கேட்டபோது, இல்லை என்று சொல்லி ஆற்றுவார் என எதிர்பார்த்தேன். அம்மையார் அவர் கையைப் பற்றிக்கொண்டு, "ஆமா. பூனைக்கு அந்த மாத்திர ஆகாது. உங்களுக்கு அது தெரியாது. குடுத்தத மறைக்காம சொன்னீங்க, அதனாலதான் ஒரு நாளாவது போராட முடிஞ்சுது" என்றார். எனக்கு அது கொடுமையாகப்பட்டது. ஆனால் அடுத்த வாரமே அப்பெண்மணி தம் கடைச் சுவரில், பூனைக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர் என்று எழுதி ஒட்டினார். எங்களிடமே வேறொரு குட்டியையும் தடுப்பூசிக்குக் கொண்டுவந்தார். பொய் சொல்லியிருந்தால் இவ்விரண்டும் நிகழ்ந்திரா.

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் வெளியூரார் தங்கள் நாய்களுடன் வாடகை வீடுகளில் வந்து தங்குவார்கள். ஈரத்தில் காது சீழ் பிடித்த நாய்கள் அக்காலத்தில் மிகுதி. ஒரு முறைதான் வருவார்கள், மறுமுறை காணமாட்டோம். அத்தகையோர்க்கும் அம்மையார், கொடுத்த மருந்து, அளவு, ஐயம் அனைத்தையும் அவர்கள் ஊர் மருத்துவருக்கு மடலாக எழுதிக் கொடுப்பார். தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் நான் குறித்துவைக்க வேண்டும். மின்சாரம் நெடுநேரம் நின்ற நாளில் பெட்டியிலிருந்த அத்தனையையும் கொட்டச் சொன்னார். இவற்றையெல்லாம் புதிய நிலையங்களில் நீங்கள் கேட்கலாம். கேட்பது குற்றமன்று.

இனி, நான் இக்கட்டுரை எழுதத் துணிந்ததற்குக் காரணமான நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

ஒரு கார்த்திகை மாதக் காலை. மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. திருவேங்கடத்துக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து சுமையுந்து ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் சுப்பையா என்னும் மானாவாரி உழவர். அவர் கைகளில், நனைந்த வேட்டியில் சுற்றப்பட்ட ஒரு நாய் இருந்தது. அவருடைய மைத்துனர் மாரி வண்டியை ஓட்டி வந்திருந்தார். நாயின் பெயர் சிட்டு. சிப்பிப்பாறை இனம். நெடிய கால், ஒட்டிய வயிறு, எலும்பின்மேல் தோலைப் போர்த்தியது போன்ற உடல். மக்காச்சோளக் கொல்லையில் புகுந்த காட்டுப்பன்றியைத் துரத்தியபோது முள்வேலிக் கம்பி, விலாவிலிருந்து தொடை வரை தோலைக் கிழித்துவிட்டிருந்தது.

"ரெண்டு மணி நேரமா மடியிலயே வச்சிட்டு வாரேன். ஒரு சத்தம் போடல டாக்டரம்மா. இது பொழைக்குமா?" என்றார் சுப்பையா.

"காயம் பெருசு. ஆனா உள்ள எறங்கல. மயக்கம் குடுத்துத் தச்சிரலாம்" என்றார் அம்மையார்.

எடை பார்த்தேன். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலின்படி மயக்க மருந்தின் அளவைக் கணக்கிட்டேன். அம்மையார் சரிபார்த்தார். மஞ்சள் நிறப் பொடியை வடிநீரில் கரைத்து, முன்னங்கால் நரம்பில் அவர் மெல்லச் செலுத்தினார். சிட்டு உறங்கினாள். உப்புநீரால் காயத்தைக் கழுவிக் கழுவி, சேற்றையும் மயிரையும் முள்துண்டுகளையும் அகற்றினோம். உள்ளடுக்குத் தையல், பின் தோல் தையல். அவருடைய தையல் ஒரே சீராக, ஏட்டில் எழுதிய வரி போல் இருக்கும். பதினொரு மணிக்கு முன்னரே முடிந்துவிட்டது.

வேறு நாயாயின் அரை மணி நேரத்தில் தலை தூக்கும். சிட்டு நண்பகல் ஆகியும் அசையவில்லை. அம்மையார் கண்ணின் ஓரத்தை விரலால் தொட்டார். இமை துடிக்கவில்லை. உடல் வெப்பம் இறங்கியிருந்தது. ஈறு வெளுத்திருந்தது. மூச்சு இருந்தது, ஆயின் ஒவ்வொன்றுக்கும் இடையே நாங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அம்மையார் நிமிர்ந்தார். "புலவரே, சங்கரன்கோவில்லேருந்து ஒரு வேட்டை நாய் வந்துச்சுல்லா, வால்ல காயத்தோட? அதுவும் இப்படித்தான் எந்திரிக்காமக் கெடந்துச்சு. அந்தக் கார்டு எங்க? கண்ணாடிக்கு அடியிலல்லா வச்சிருந்தேன்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அம்மையார் கிறித்தவர். ஆயினும் ஆயுத பூசையன்று நாங்கள் கருவிகளைக் கழுவித் தராசுக்குச் சந்தனம் வைப்பதை அவர் தடுத்ததில்லை. அவ்வாண்டு பூசைக்கு முதல் நாள், நான் அவர் மேசையையும் துப்புரவு செய்தேன். கண்ணாடியைத் தூக்கித் துடைத்தேன். அடியிற் கிடந்த நான்கைந்து அட்டைகளைக் கண்டேன். எல்லா அட்டைகளையும் உரிமையாளர் பெயரின் அகரவரிசையில் அடுக்கி வைத்திருந்த எனக்கு, அவை அங்கே கிடப்பது ஒழுங்கின்மையாகத் தோன்றியது. எடுத்து அவற்றுக்குரிய இடங்களில் செருகினேன். அவை ஏன் அங்கிருந்தன என்பதை அறிந்தவனே நான். ஆயினும் துடைத்து முடித்த மேசையின் அழகில் அதை மறந்தேன். இடையில் அம்மையார் ஒரு முறை திருநெல்வேலி சென்று வந்தார். கண்ணில் படாத அட்டையைப் பற்றி அவர் பேராசிரியரிடம் கேட்கவில்லை.

பேழையைத் திறந்தேன். உரிய இடத்தில் அட்டை ஒழுங்காக இருந்தது. கீழ்வரியில் அம்மையாரின் கையெழுத்து: 'வழக்கமான அளவே. விழிக்க நான்கு மணி நேரம். மெலிந்த வேட்டை நாய்களுக்கு இம்மருந்து ஆகாதோ? கேட்க வேண்டும். அதுவரை பாதி அளவே கொடுக்க.'

சிட்டுக்கு முழு அளவு கொடுத்திருந்தோம்.

அவ்வட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேழையருகே நின்றேன். கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இதை எழுதும்போதும் என் முகம் சுடுகிறது. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். சுப்பையா தரையில் மண்டியிட்டு, சிட்டுவின் பாதங்களைத் தம் வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருந்தார். குளிர்ந்த பாதங்களுக்கு அவர் அறிந்த மருத்துவம் அது. நான் சென்று அட்டையை அம்மையாரிடம் நீட்டினேன்.

"கண்ணாடியத் தொடைக்கும்போது நான்தாம்மா எடுத்து அடுக்கிட்டேன்."

அவர் அட்டையைப் படித்தார். என்னை ஒரு முறை பார்த்தார். "சரி. வெந்நீர் வைங்க" என்றார்.

அவர் பேராசிரியருடன் தொலைபேசியில் பேசினார். அம்மருந்து மூளையை விட்டு அகன்று உடற்கொழுப்பில் போய்த் தங்கும். அதனால்தான் நாய் விழிக்கும். கொழுப்பே இல்லாத வேட்டை நாய்க்கு மருந்து ஒதுங்க இடமில்லை, குருதியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். முறிக்கும் மருந்து கிடையாது. உடம்பைச் சூடாக வைத்து, மூச்சைக் காத்து, பொறுத்திருப்பது ஒன்றே வழி என்றார் பேராசிரியர்.

அம்மையார் சுப்பையாவின் எதிரில் தரையில் அமர்ந்தார். "இந்த சாதி நாய்க்கு நாங்க போட்ட மயக்க மருந்து அதிகம். முன்னாடி ஒரு நாய்க்கு இதே மாதிரி ஆச்சு. அத எழுதியும் வச்சிருந்தோம். இன்னைக்கு அதப் பாக்காமப் போட்டுட்டோம். அந்த நாய் நாலு மணி நேரத்துல எந்திரிச்சுது. சிட்டுக்கு இன்னும் கூட ஆகலாம். எந்திரிக்காமலும் போகலாம்."

சுப்பையா மீண்டும் நாயின் பாதங்களை ஊதத் தொடங்கினார். மாரி பேசினார்.

"தெரிஞ்சே போட்டியளா? எழுதி வேற வச்சிருந்தியளா? அத்தான், தூக்குங்க. திருநவேலிக்குக் கொண்டுபோவோம். இங்கன இனி ஒரு நிமிசம் இருக்கப்பிடாது."

"கொண்டுபோறதுன்னா நான் தடுக்கல. வழியில குளிர் தட்டக் கூடாது, தல தாழக் கூடாது. அங்க பாக்குற டாக்டருக்கு எல்லாத்தையும் எழுதித் தாரேன்" என்றார் அம்மையார். உடனே அமர்ந்து ஆங்கிலத்தில் மடல் எழுதினார். சுப்பையா அதை வாங்கி, எழுத்துகளைப் பார்த்து, என்னிடம் நீட்டினார்.

"இதுல என்ன எழுதியிருக்கு, அண்ணாச்சி? தமிழ்ல சொல்லுங்க."

நான் வாசித்துச் சொன்னேன். எடை, மருந்தின் பெயர், அளவு, செலுத்திய நேரம், தையலின் விவரம். அதன் பின் ஒரு வரி: 'இத்தகைய நாய்கள் தாமதமாக விழிப்பதை இந்நிலையம் முன்னரே குறித்திருந்தது. அக்குறிப்பை நாங்கள் பார்க்கத் தவறினோம். தவறு எங்களுடையது.' அவ்வரியை விட்டுவிட்டு மேலே சென்றிருந்தால் அவருக்குத் தெரிந்திராது. சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு 'எங்களுடையது' என்னும் சொல்லின் பின்னால் நான் நின்றுகொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தக் குறிப்பு டாக்டரம்மா கண்ணுல படுற மாதிரிதான் இருந்துச்சு. பூசைக்கு மேசையத் தொடச்சு, அத எடுத்து உள்ள அடுக்கினது நான்தான்" என்றேன்.

"அடுக்கினாராம்லா. நல்லாத்தான் அடுக்கியிருக்காரு. ஒரு உசுரையே அடுக்கிட்டாரு" என்றார் மாரி.

அது எனக்கு உரியதே. சுப்பையா மடலை வாங்கிக்கொண்டார். பின் மெதுவாகக் கேட்டார்.

"இந்தக் காயிதத்த அங்கன இருக்க டாக்டரு படிச்சா, இந்தம்மாவப் பத்தி என்ன நெனைப்பாரு?"

"மதிப்புக் குறையத்தான் செய்யும்."

"அது இவியளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் எழுதியிருக்காவ."

அவர் மடலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஏலே மாரி, வண்டிய ஓரமா நிப்பாட்டு. பின்னால வாரவன் ஆரன் அடிக்கான்லா" என்றார். பிறகு நாயின் தலைமாட்டில் கால்மடக்கி உட்கார்ந்தார்.

அந்தப் பிற்பகலில் நாங்கள் செய்தவை எளியவை. மருந்து தீர்ந்த கண்ணாடிப் புட்டிகளில் வெந்நீர் நிறைத்து, துணி சுற்றி, சிட்டுவின் வயிற்றோரமும் கால்களுக்கிடையிலும் வைத்தோம். ஆறியதும் மாற்றினோம். அரை மணிக்கு ஒரு முறை அவளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்பினோம். ஒரே பக்கம் கிடந்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். திறந்தபடி இருந்த கண்கள் காயாதபடி ஈரப்படுத்தினோம். நரம்பில் இறங்கும் உப்புநீரையும் சூடாக்கினோம். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை நான் எண்ணி அட்டையில் எழுதினேன். எண்ணும்போது சுப்பையாவின் உதடுகளும் அசைவதைக் கண்டேன். அவரும் எண்ணிக்கொண்டிருந்தார். நான்கு மணி நேரம் கடந்தது. அட்டை சொன்ன கணக்கும் முடிந்துவிட்டது. அதன் பிறகு எங்களுக்கு வழிகாட்ட எந்தக் குறிப்பும் இல்லை. வெளியே போயிருந்த மாரி அனைவருக்கும் தேநீர் வாங்கி வந்தார். எனக்கும் ஒரு குவளையை நீட்டினார்; என் முகத்தைப் பார்க்காமல்தான் நீட்டினார். ஆயினும் நீட்டினார்.

ஐந்து மணியை நெருங்கும்போது, வாயோரம் தொங்கிக் கிடந்த சிட்டுவின் நாக்கு உள்ளே இழுபட்டது. அம்மையார் கால்விரலிடையே கிள்ளினார். கால் ஒதுங்கியது. சிறிது நேரத்தில் தலை எழுந்தது, ஆடியது, மீண்டும் விழுந்தது. இரண்டாம் முறை எழுந்தபோது விழவில்லை. அவள் அறையைச் சுற்றிப் பார்த்து, இறுதியில் சுப்பையாவைக் கண்டாள். வாலின் நுனி மட்டும் தரையைத் தட்டியது.

"ஏட்டி, என்ன ஒறக்கம் இது. கொல்லைக்கு யாரு காவல்?" என்றார் சுப்பையா.

இரவு அவளை அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டோம். மறுநாள் காலையில் அவள் தானே நடந்து வாசல் வரை வந்தாள். அதற்கு முன்னரே அம்மையார் சுவரிலிருந்த அளவுப் பட்டியலை எடுத்து என்னிடம் தந்து, வேட்டை நாய்களுக்குத் தனி வரி ஒன்று சேர்த்து எழுதச் சொல்லியிருந்தார். என் தவற்றைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். பின்னாளில் வேறு மயக்க மருந்துகள் வந்தபோதும் அந்தத் தனி வரி பட்டியலில் இருந்தது. பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த பேறு எது என்று கேட்டால், என்னை விலக்காமல், என் பிழையை நானே எழுதித் திருத்த அவர் இடம் கொடுத்ததையே சொல்வேன்.

வண்டியில் ஏறுமுன் சுப்பையா சட்டைப் பையிலிருந்து அந்த மடலை எடுத்து அம்மையாரிடம் நீட்டினார். "இது இனி எதுக்கும்மா? திருநவேலிக்குத்தான் போகலையே."

"வச்சுக்கோங்க. இனிமே சிட்டுக்கு யாரு மயக்க ஊசி போட்டாலும் மொதல்ல இதக் காட்டணும்."

"வேற எங்கனம்மா போகப் போறேன்? இங்கனதான வருவேன்."

"அப்ப எங்களுக்கே காட்டுங்க" என்றார் அம்மையார். "அடுத்த ஆயுத பூசைக்கும் புலவர் மேசையத் தொடைப்பாருல்லா."

மாரிதான் முதலில் சிரித்தார்.